கலவை சுமந்த கொத்தனார்கள்

ஆய்வாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சட்டப் பிரிவுகளைச் சொல்லித்தர வேறு ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் புரொஜெக்டர் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு தப்பு. தொழிலாளர் துறையில் முப்பத்தொரு வருட சர்வீஸில் நான் செய்த தப்புகளிலேயே பெரியது, சுவரில் நீல பெயின்ட்டில் ஆளுயரத்துக்கு எழுதப்பட்ட தப்பு. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சிரிப்பு வந்துவிடும். நடுவில் நான் சிரித்து நின்றுபோனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள் என்றால், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அரசு நிர்ணயித்த கூலிக்குக் குறையாமல் கிடைக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. அந்தக் கூலி விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி தமிழில் எழுதி வைக்க வேண்டும். கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில், பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாவது தடவை ஆய்வுக்குப் போனபோது செங்கல் இருந்தது, ஜல்லி இருந்தது, சிமெண்ட் இருந்தது, கூலி விவரப் பலகை மட்டும் அப்போதும் இல்லை.

"ரெண்டு நாள்ல பலகையிலயோ சுவத்துலயோ எழுதி வெச்சிருக்கணும்" என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

ஒப்பந்தக்காரர் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, எப்போதும் பணிவு. அளவுக்கு மிஞ்சிய பணிவு. "எழுதிடறேன் மேடம். ரேட்டு மட்டும் நீங்களே ஒரு பேப்பர்ல குடுத்துடுங்க. நாங்க எழுதினா தப்பாயிடும்."

சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அட்டவணையில் எத்தனையோ வகை உண்டு. அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்கள் இரண்டே வகைதான்: கொத்தனார், சித்தாள். அதாவது கல்லு கட்டிப் பூசுகிறவர்கள், கலவை சுமக்கிறவர்கள். இரண்டு பெயரை எழுதி, எதிரே இரண்டு தொகை போட வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து என் மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். தோழிகளோடு அறையில் திருட்டுத்தனமாக சாம்பார் வைக்கிறாளாம், முதலில் பருப்பா, புளியா என்று கேட்டாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சாம்பாரையும் சொன்னேன், கூலியையும் எழுதினேன். சாம்பார் நன்றாக வந்ததாம்.

அதற்கு அடுத்த இரண்டாம் நாள் காலை, திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். ஒப்பந்தக்காரர் போனில் வந்தார். சுற்றிலும் ஹாரன் சத்தம், முறுக்கு விற்கிறவர் சத்தம்.

"மேடம்! கொத்தனாருங்க எல்லாரும் சித்தாளாயிட்டாங்க மேடம்!"

"என்னது?"

"சித்தாளாயிட்டாங்க! கொத்தனாருங்க! இன்னிக்குத் தளம் போடற நாளு மேடம், பாதி ஊத்தியாச்சு, நீங்க ஜல்தி வந்துடுங்க!"

லைன் கட்டாகிவிட்டது.

தளம் போடுகிற நாள் என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கூரைக்கு கான்கிரீட் ஊற்றுகிற நாள் அது. தேங்காய் உடைத்து ஆரம்பித்தால் முடிகிறவரை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் பழைய கான்கிரீட் இறுகிவிடும், புதியது அதோடு சேராது. அந்த இடத்தில் காலத்துக்கும் ஒழுகும். அதன் அடியில் உட்காரப்போவது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்.

விழுப்புரம் பஸ்ஸில் தொற்றி, கூட்டேரிப்பட்டில் குதித்து, ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்து ஊர்ப்பேரைச் சொன்னேன். ஆட்டோக்காரர் உற்சாகமாகத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஸ்கூலா மேடம்? அங்க கொத்தனார விட சித்தாளுக்குத் தான் கூலி அதிகமாமே! கவர்மென்டே எழுதிப் போட்டுக்குதாம். அரை மணி நேரமா வாட்ஸ்அப்ல அதான் ஓடிக்கினு கீது. எங்க வூட்ல கூட கெளம்பிட்டாங்க, நான் தான் நெலத்துல மல்லாட்டைக் கடலை புடுங்கற வேலைய முடிச்சிட்டுப் போன்னு நிறுத்தி வெச்சிருக்கேன்."

போனைக் காட்டினார். பளபளவென்று ஒரு சுவர். சுற்றிலும் பூங்கொடி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கல்யாண வாழ்த்து போல அலங்காரம். நடுவில் 'கொத்தனார்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அதற்கு நேராகச் சித்தாளின் கூலி. 'சித்தாள்' என்று எழுதி அதற்கு நேராகக் கொத்தனாரின் கூலி. எழுதியவன் மாற்றிவிட்டான், பாவி என்று நினைத்துக்கொண்டேன். மனித மனம் எவ்வளவு வேகமாக அடுத்தவன் தலையைத் தேடுகிறது, பாருங்கள்.

நான் போய் இறங்கியபோது கண்ட காட்சியை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.

ஐந்து கொத்தனார்கள், தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, அதன் மேல் கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். நடக்கவில்லை, ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆள் மேஸ்திரி. பெரிய மீசை. முப்பது வருடமாக அந்தத் தலையில் துண்டைத் தவிர வேறொன்றும் ஏறியிருக்காது. இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு, வெடிகுண்டைச் சுமப்பவர் போல அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். அவர் மீசையில் கலவை வழிந்துகொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாகத் தொங்கிக்கொண்டு கைதட்டினார்கள். ஆசிரியர்கள் அவர்களை அதட்டிவிட்டு, தாங்களும் எட்டிப் பார்த்தார்கள்.

மேலே, கூரையில், புடவை மேல் ஆண் சட்டை போட்ட எட்டுப் பெண்கள். நடுவில் மண்டியிட்டு மட்டப்பலகையைப் பிடித்து, ஈரக் கான்கிரீட்டை இப்படியும் அப்படியும் இழுத்துச் சமன் செய்துகொண்டிருந்தவர் பெயர் பச்சையம்மாள். அவரை அன்றுதான் முதன்முதலாக நன்றாகப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய குரல்.

"சீக்கிரம் கொண்டாங்க மேஸ்திரி, காயுது! கழுத்த நேரா வெய்யி, அப்பத்தான் ஆடாது!"

ஒப்பந்தக்காரர் ஓடி வந்தார். நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னார். காலையில் வேலை ஆரம்பித்து, பாதித் தளம் ஊற்றியாகிவிட்டது. பத்து மணி டீ வந்தது. அதே நேரம் சுவரில் கூலி விவரத்தை எழுதிக்கொண்டிருந்த பெயின்டரும் முடித்து, வெயிலுக்குக் கட்டியிருந்த சாக்குத் திரையை விலக்கினார். கூரையிலிருந்து பார்த்தால் அந்தச் சுவர் நேர் எதிரே. பச்சையம்மாள் உரக்கப் படித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். கொத்தனார்கள் திகைத்தார்கள். அந்த நேரத்தில் ஒப்பந்தக்காரர் சும்மா இருந்திருக்கலாம். கிண்டலாக, "கவர்மென்டே சொல்லிட்டப்புறம் நான் இன்னா பண்றது, இனிமே அதான் ரேட்டு" என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி டீ கிளாசைக் கீழே வைத்தார். "அப்ப நானும் சித்தாளு" என்று சொல்லி ஏணியில் இறங்கிவிட்டார். மற்ற நால்வரும் பின்னாலேயே.

மிக்சர் மெஷினோ நிற்காமல் கலவையைக் கக்கிக்கொண்டிருக்கிறது. மேலே கொட்டியது குவிந்து கிடக்கிறது. பச்சையம்மாள் அதைப் பார்த்திருக்கிறார். "இப்டியே வுட்டா கல்லாப் பூடும்டி, பலகைய எடுங்கடி" என்றிருக்கிறார். எடுத்துவிட்டார்கள்.

"விளையாட்டுக்குச் சொன்னேன் மேடம், இப்டிப் பேஜாராப் போச்சு" என்றார் ஒப்பந்தக்காரர்.

நான் நேராகப் பெயின்டரிடம் போனேன். ஒல்லியான மனிதர், கை முழுக்க நீலம். நான் வாயைத் திறக்கும் முன்பே சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். என் கையெழுத்து. நான் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். ஒரு எழுத்தில்கூடச் சந்தேகத்துக்கு இடமில்லை. கொத்தனாருக்கு நேராகச் சித்தாள் கூலி, சித்தாளுக்கு நேராகக் கொத்தனார் கூலி, அடியில் என் சுருக்கொப்பம், தேதி.

ஒப்பந்தக்காரர் என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் படித்துவிட்டார். காகிதத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். குரலைத் தாழ்த்தினார்.

"இத கிழிச்சிடலாம் மேடம். இவன் தப்பா எழுதிட்டான்னு சொல்லிடலாம். அவனுக்கு இன்னா, இந்தச் சுவரு இல்லன்னா இன்னொரு சுவரு. உங்களுக்கு உத்தியோகம் இல்லையா?"

பெயின்டர் தன் கையிலிருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த இடத்தை மட்டும் நான் சிரிக்காமல் சொல்கிறேன். எனக்குச் சம்மதிக்கலாம் என்று தோன்றியது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான், ஆனால் தோன்றியது. ஒப்பந்தக்காரரின் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது. இவர் இன்றைக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்தால், நாளை இவருடைய வருகைப் பதிவேட்டை நான் எந்த முகத்தோடு திறப்பேன்? நீங்கள் லஞ்சத்துக்குப் பயப்படுவீர்கள், அது கவரில் வரும், அடையாளம் தெரியும். உங்கள் தப்பை ஒருவர் அன்பாக மறைத்துக் கொடுப்பார், அதற்குப் பயப்படுங்கள். அதற்குக் கவர் கிடையாது.

காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, செங்கல் அடுக்கின் மேல் ஏறினேன். புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"எல்லாரும் கேளுங்க! போர்டுல இருக்கிறது தப்பு! கொத்தனார் கூலியும் சித்தாள் கூலியும் இடம் மாறிடுச்சு! பெயின்டர் மேல தப்பில்ல. மாத்தி எழுதிக் குடுத்தது நான்!"

மேஸ்திரி, சட்டி தலையிலிருக்க, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார்.

"இத ஒரு மணி நேரம் முந்தி சொல்லியிருந்தா என் கழுத்து பொழச்சிருக்குமே மேடம்!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஒருவர் சட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஏணியை நோக்கி ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். நானும் சிரித்துக்கொண்டே, ஆக எல்லாம் சரியாகிவிட்டது என்று செங்கல் மேலிருந்து இறங்கப் பார்த்தேன்.

"அங்கியே நில்லுங்க!" மேலேயிருந்து பச்சையம்மாள். "கால வெச்சிடாதீங்க மேஸ்திரி, இப்பத்தான் மட்டம் அடிச்சிருக்கு."

மேஸ்திரி ஏணியின் பாதியில் நின்றார். பச்சையம்மாள் கூரை விளிம்புக்கு வந்து, என்னைப் பார்த்து, கலவை படிந்த கையால் சுவரைக் காட்டினார்.

"மேடம், போர்டத் திருத்துங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுங்க. சித்தாளு சட்டி தூக்கறவ. கொத்தனாரு மட்டம் புடிக்கறவரு. நான் இன்னிக்கு மட்டம் புடிச்சிக்கினு இருக்கேன். எனக்கு மேல் வரியா, கீழ் வரியா?"

ஒப்பந்தக்காரரின் பணிவு அப்போதுதான் கொஞ்சம் கசங்கியது. "இன்னா பச்சையம்மா இது? மேடம், ஒரு மணி நேரம் பலகை புடிச்சா கொத்தனாரா? நான் ஒரு மணி நேரம் பஸ் ஓட்டினா டிரைவராயிடுவேனா?"

நல்ல கேள்வி. எனக்கு மேலிருந்த அதிகாரிக்குப் போன் போட்டேன். நிறையப் படித்தவர், எதற்கும் பிரிவு எண் சொல்பவர். முழுவதும் கேட்டார். நடுவில் இரண்டு முறை இருமினார். சிரிப்பை அடக்கினார் என்று பின்னால் தெரிந்தது.

"அந்தம்மா போட்ட தளம் எப்படி இருக்கு?"

"தெரியல சார், நான் கீழ நிக்கிறேன்."

"நான் விழுப்புரத்தில உக்காந்திருக்கேன். நம்ம ரெண்டு பேர்ல யாரும்மா கிட்ட இருக்கா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று அவர் மேல் கோபம் வந்தது. பிறகு எத்தனையோ தடவை நன்றி சொல்லியிருக்கிறேன்.

ஏணியில் ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகை வழியாக ஓரமாகப் போனேன். எனக்குக் கான்கிரீட் தெரியாது. தெரிந்த ஒருவர் எனக்குப் பின்னால் மீசையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி, நீங்களே பாருங்க. சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அவர் ரசமட்டத்தை எடுத்தார். மட்டப்பலகையைத் தளத்தின் மேல் நீளவாட்டில் வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்துக் குனிந்தார். உள்ளேயிருக்கிற குமிழி நடுக்கோட்டில் போய் நின்றது. தள்ளி வைத்தார். நின்றது. மூலைக்குப் போனார், மழைத்தண்ணீர் இறங்குகிற வாட்டம் வர வேண்டிய இடம். குமிழி எவ்வளவு நகர வேண்டுமோ அவ்வளவு நகர்ந்தது. ஒப்பந்தக்காரர் கீழேயிருந்து, "இன்னாச்சு மேஸ்திரி?" என்றார்.

மேஸ்திரி குனிந்த தலையை நிமிர்த்தாமல் இருந்தார்.

"இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா?" என்று பச்சையம்மாளைக் கேட்டேன்.

"அந்தாண்ட முன்னயே தளம் போட்ட ரெண்டு ரூமு பூச்சு முடிஞ்சிருக்குதே, அது யாரு பூசினதுன்னு மேஸ்திரியக் கேளுங்க மேடம்."

மேஸ்திரிக்கு மறுப்பது சுலபம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் நம்பியிருப்பேன், ஒப்பந்தக்காரர் கைகொடுத்திருப்பார். அவருடைய நாலு ஆட்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க பூச்சுதான் மேடம்" என்றார். "அந்த ரெண்டு ரூமு மட்டும் இல்ல. ஒம்போது வருஷமா என் கூடப் பூசிக்கினு இருக்காங்க. கணக்குல என் ஆளுங்க பேர்ல போவும். சித்தாளுன்னு எழுதிப் பழகிட்டோம், அப்டியே வுட்டுட்டோம்." பிறகு கீழே எட்டிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "மட்டம் கரெக்டா கீது சார்! நான் புடிச்சா கூட இதான்!"

அவ்வளவுதான். பிறகு நான் சொல்ல வேண்டியது சுலபமாகிவிட்டது. செய்கிற வேலைக்குத்தான் கூலி, பதிவேட்டில் இருக்கிற பெயருக்கு இல்லை, ஆணா பெண்ணா என்பதற்கும் இல்லை. பச்சையம்மாள் இன்று முதல் கொத்தனார் என்று பதிவேட்டில் ஏற வேண்டும். பழைய பாக்கிக்கு மேஸ்திரியின் வாக்குமூலத்தை வைத்துத் தனியாக நடவடிக்கை எடுப்பேன். ஒப்பந்தக்காரர் வானத்தைப் பார்த்தார், மிக்சரைப் பார்த்தார், குவிந்துகொண்டிருந்த கலவையைப் பார்த்தார். "எழுதிக்கறேன் மேடம், மொதல்ல தளத்த முடிக்கச் சொல்லுங்க" என்றார்.

அப்போது கொத்தனார்களில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப நாங்க ஒரு மணி நேரம் சட்டி தூக்கினோமே மேடம், அது?"

நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். "செய்யற வேலைக்குத்தான் கூலி. ஒரு மணி நேரத்துக்குச் சித்தாள் ரேட்டு."

ஐந்து முகங்களும் விழுந்தன. பச்சையம்மாள்தான் காப்பாற்றினார்.

"பாவம், முழுசாவே குடுத்துடுங்க மேடம். வழியெல்லாம் கொட்டினாங்களே, அந்தக் கலவைக்கு மட்டும் புடிச்சிக்கலாம்."

மேஸ்திரி கூடச் சிரித்துவிட்டார். கீழே ஜன்னலில் தொங்கிய பிள்ளைகளுக்கு எதற்கென்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள். பிறகு அந்தப் பாதித் தளத்தை அவர்கள் போட்ட வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மட்டப்பலகையின் ஒரு முனையில் மேஸ்திரி, மறு முனையில் பச்சையம்மாள். மூன்று மணிக்கு முடித்து, தளம் போடுகிற நாளுக்கென்று வந்திருந்த பிரியாணியைப் பிரித்தார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினார்கள். ஆய்வுக்குப் போன இடத்தில் சாப்பிடக் கூடாது என்று விதி. பசியில் கண் இருட்டியது. விதியைத்தான் காப்பாற்றினேன். அந்த வாசனையை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

இதெல்லாம் இலவசமாக முடியவில்லை. அந்தச் சுவர்ப் படம் மாவட்டம் முழுக்கச் சுற்றியது. பத்து நாளில் எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. போனில் பேசிக்கொண்டே எழுதினேன், மாறிவிட்டது, சரிபார்க்கவில்லை என்று நாலு வரியில் பதில் எழுதினேன். கண்டனம் பதிவானது. இப்போதும் என் பணிப்பதிவேட்டில் அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் உங்களுக்கு என் முதல் வேண்டுகோள்: எழுதும்போது போனை அணைத்துவிடுங்கள். இரண்டாவது, பதிவேட்டைத் திறக்கும் முன்பு ஏணியில் ஏறுங்கள். நான் அந்தக் கட்டடத்துக்கு அதற்கு முன்பு மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் நிழலில் உட்கார்ந்து பதிவேட்டைத்தான் பார்த்தேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். சுவர் பூசிக்கொண்டிருந்தவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த வருடம் கோலியனூர்ப் பக்கம் இன்னொரு அரசுப் பள்ளியில் சுற்றுச்சுவர் வேலை. வேறு ஒப்பந்தக்காரர். கணக்கு எழுதுகிறவர் இளைஞர், சுத்தமான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் நேர்க்கோடு. பதிவேட்டில் கொத்தனார்கள் வரிசையில் முதல் பெயர் 'பச்சையப்பன்'.

அந்தப் பெயரில் என்னவோ உறுத்தியது. பதிவேட்டை மூடிவிட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். சாரத்தின் மேல், புடவை மேல் ஆண் சட்டை.

"நல்லா கீறீங்களா மேடம்?" என்றார் பச்சையம்மாள், பூச்சுக் கரண்டியை நிறுத்தாமல்.

"உங்க பேரு என்னன்னு எழுதியிருக்காங்க தெரியுமா?"

"தெரியும் மேடம். சம்பளம் வாங்கறப்ப பச்சையப்பான்னு கூப்பிடுவாரு, நான் போய் வாங்கிக்குவேன். பேரு எப்டியோ இருந்துட்டுப் போவட்டும், கூலி கொத்தனாரு கூலிதான் குடுக்கறாங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நாளைக்கு இவர் சாரத்திலிருந்து விழுந்தால், நஷ்டஈடு பச்சையப்பனுக்குத்தான் வரும். கணக்கரைக் கூப்பிட்டு விரலால் அந்தப் பெயரைக் காட்டினேன்.

"எங்க மேஸ்திரி பச்சையம்மான்னு தான் எழுதிக் குடுத்தாரு மேடம்" என்றார் அவர், தன் கவனத்தைப் பற்றிய பெருமையோடு. "கொத்தனாருன்னு வேற போட்டிருந்துது. ஏதோ தப்பா எழுதிட்டாருன்னு நான் தான் திருத்தினேன். கொத்தனாரு எப்டி மேடம் பச்சையம்மாவா இருக்க முடியும்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாரத்திலிருந்து அந்தப் பெரிய குரல் வந்தது.

"கலவை எங்கப்பா?"

இரண்டு ஆண்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கணக்கர் அவர்களைப் பார்த்தார். மேலே பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி, 'அப்பன்' மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார்.